ரேடியோவைக் குறைச்சிட்டுப் பேசுங்கம்மா

பண்பலை நேரலையில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. அழைத்தவர் வீட்டு வானொலி பின்னால் இரைகிறது, குக்கர் விசில் அடிக்கிறது, பிள்ளை அழுகிறது. அதற்கு நடுவில் ஒரு குரல் தயங்கித் தயங்கி வருகிறது: “அஞ்சு நாளா தண்ணி வரலைங்க.” தொகுப்பாளர் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு, “என்ன பாட்டு வேணும்?” என்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தியோ நடப்பு விவகாரமோ ஒலிபரப்ப நம் நாட்டில் அனுமதி இல்லை. ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் மறு ஒலிபரப்புச் செய்யலாம், அவ்வளவுதான். குடிநீர் தடைப்படும் என்று அறிவிக்கலாம். ஏன் தடைப்பட்டது என்று நேயர்களோடு விவாதிக்கப் போனால் வேலி குறுக்கே நிற்கும். அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. தொலைக்காட்சியில் இரவெல்லாம் அரசியல் பேசலாம், வானொலியில் கூடாது என்பது என்ன நியாயம்? தொலைக்காட்சி விவாதத்துக்கு அந்த அம்மாவை யாரும் கூப்பிடப் போவதில்லை. அவருக்கு எட்டுகிற மேடை இந்தத் தொலைபேசி இணைப்புதான். அதைத் திறந்துவிடுங்கள், பாட்டை அடுத்த நேயர் கேட்டுக்கொள்வார்.