பேதுருவுக்கு வேறு வழி இருந்ததா?

இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் லூவேன் பல்கலைக்கழகத்தில் 1465-இல் பீட்டர் தெ ரிவோ என்ற பேராசிரியர் ஒரு கேள்வியை எடுத்து விவாதித்தார். சேவல் கூவுவதற்குள் தன் சீடர் பேதுரு தன்னை மூன்று முறை மறுதலிப்பார் என்று இயேசு சொல்லிவிட்டார். அதன் பிறகு மறுதலிக்காமல் இருக்கப் பேதுருவால் முடிந்திருக்குமா? முடிந்திருக்கும் என்றால் இயேசுவின் சொல் பொய்த்திருக்கக்கூடியது என்றாகிவிடும். முடிந்திருக்காது என்றால், அன்றிரவு தலைமைக் குருவின் முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டே தன் குருவைத் தெரியாதென்று சாதித்த மனிதரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. எழுதியதை ஒப்பித்தார், அவ்வளவுதான். கடவுளின் முன்னறிவும் மனிதனின் சுயாதீனமும் ஒன்றாக நிற்குமா என்று பொதுவாகக் கேட்டால் பேச்சு காற்றோடு போய்விடும். பேதுருவை நிறுத்தி வைத்துக் கேட்டால் தப்பிக்க இடமில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேதுருவால் முடிந்திருக்கும். கிறிஸ்தவ நம்பிக்கைக்குள் மனிதனின் சுதந்திரத்தை நெருக்கும் கேள்வி ஒன்று உண்டுதான். ஆனால் அது முன்னறிவைப் பற்றிய கேள்வி அல்ல.

அறிவது வேறு, செய்ய வைப்பது வேறு என்பதுதான் வழக்கமான பதில். கிரகணம் எப்போது பிடிக்கும் என்று பஞ்சாங்கம் சொல்கிறது. பஞ்சாங்கம் சொன்னதால் கிரகணம் பிடிப்பதில்லை. இந்த உவமை பாதி தூரம்தான் வரும். கணிப்பு பலிப்பதற்குக் காரணமே நிலவுக்குத் தன்விருப்பம் இல்லாததுதானே? அகுஸ்தினார் இதைவிட வலுவாக வாதிட்டார். நாம் நினைவில் வைத்திருப்பதால் கடந்தகாலம் கட்டாயமாகிவிடவில்லை; அதுபோலவே கடவுள் முன்னறிந்திருப்பதால் எதிர்காலமும் கட்டாயமாகிவிடாது என்றார். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், தியோடொரிக் மன்னனின் சிறையில் மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்த போயத்தியுஸ் இன்னொரு படி மேலே போனார். கடவுள் காலத்துக்குள் இல்லை. நமக்கு நேற்று, இன்று, நாளை என்று விரிவதெல்லாம் அவருக்கு ஒரே நிகழ்காலம். ஆகவே அவர் ‘முன்’ அறிவதில்லை, பார்க்கிறார். ஒருவர் நடப்பதை நான் பார்ப்பதால் அவருடைய நடை கட்டாயம் ஆகிவிடுமா? பிற்காலத்தில் தாமஸ் அக்குவினாசும் ஏறக்குறைய இதே வழியில்தான் நடந்தார். அழகான பதில். ஆனால் பேதுருவின் விஷயத்தில் இது மட்டும் போதாது. காலத்துக்கு வெளியே கடவுள் எதைப் பார்த்தாலும் சரி, இயேசு அதைக் காலத்துக்குள், ஒரு வியாழன் இரவில், பந்தியிலிருந்தவர்கள் காதில் விழும்படி சொல்லிவிட்டார். நித்தியத்தில் இருந்த அறிவு அங்கே நடந்து முடிந்த ஒரு நிகழ்ச்சியாகிவிட்டது. நடந்து முடிந்ததை யாராலும் மாற்ற முடியாது. முன்னறிவைவிட முன்னறிவிப்புதான் கடினமான முடிச்சு என்பது இதனால்தான்.

தெ ரிவோ இந்த முடிச்சை அரிஸ்டாட்டிலின் கத்தியால் அறுக்கப் பார்த்தார். நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்றிருக்கும் எதிர்காலத்தைப் பற்றிய வாக்கியம், அது நடக்கும்வரை மெய்யும் அல்ல, பொய்யும் அல்ல என்றார். கடவுளுக்குத் தெரியும் என்பதை அவர் மறுக்கவில்லை. வாக்கியத்திலிருந்து மட்டும் மெய்யை உருவிவிட்டார். ஒரு வாக்கியம் இப்போதே மெய்யாக இருந்தால் அது சொல்வதைத் தடுக்கவே முடியாது என்ற பயம் அவருக்கு. அவருடைய எதிராளி ஹென்றி, சோமரன் ஊர்க்காரர், வழக்கை ரோம் வரை கொண்டுபோனார். அங்கே கர்தினாலாக இருந்தபோதே இந்தச் சிக்கலைப் பற்றி எழுதியிருந்த பிரான்செஸ்கோ தெல்லா ரோவெரே பின்னர் நான்காம் சிக்ஸ்துஸ் என்ற பெயரில் திருத்தந்தை ஆனார். 1474-இல் தெ ரிவோவின் ஐந்து கூற்றுகளை அவர் கண்டித்தார். அவற்றில் ஒன்று நம் விஷயத்துக்கு மிக முக்கியம்: எதிர்காலத்தைப் பற்றிய கூற்று மெய்யாக இருக்க, அது நடக்கப்போகிறது என்பது மட்டும் போதாது, தடுக்க முடியாதபடி நடக்கப்போவதாகவும் இருக்க வேண்டும் என்ற கூற்று. அதைத் தவறென்று சொன்னபோது, ‘நடக்கும்’ என்பதையும் ‘நடந்தே தீரும்’ என்பதையும் ரோம் தனித்தனியாகப் பிரித்து வைத்தது. கண்டன ஆணைகளைப் படித்து மகிழ்கிறவன் அல்ல நான். இந்த ஒன்றில் தர்க்கம் ரோமின் பக்கம்தான் இருந்தது. பேதுரு மறுதலிப்பார் என்று கடவுள் அறிந்திருந்தால் பேதுரு மறுதலிப்பார் என்பது நிச்சயம். அந்த நிச்சயம் இரண்டையும் இணைக்கும் ‘அறிந்திருந்தால்’ என்ற சங்கிலியில்தான் இருக்கிறது. பேதுருவின் நாக்கில் இல்லை.

இங்கே ஒரு கூர்மையான மறுப்பு எழும். அமெரிக்க மெய்யியலாளர் நெல்சன் பைக் 1965-இல் எழுதிய கட்டுரை அதைப் புதிதாகத் தீட்டிக் கொடுத்தது. கடவுள் தவறாக நம்ப முடியாதவர். அவருடைய நம்பிக்கை ஏற்கெனவே கடந்தகாலத்தில் இருக்கிறது. அப்படியானால், வேறுவிதமாகச் செய்யும் ஆற்றல் எனக்கு உண்டு என்றால் அது கடந்தகாலத்தையே மாற்றும் ஆற்றல் ஆகாதா? பதினான்காம் நூற்றாண்டின் ஒக்காம் வில்லியமின் சிந்தனையிலிருந்து இதற்குப் பதில் எடுக்கலாம். கடந்தகாலம் எல்லாமே ஒரே வகையானதல்ல. ‘நேற்று மழை பெய்தது’ என்பது முழுக்க நேற்றைக்குள் அடங்கியது. ‘தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு மழை பெய்தது’ என்பது, இறந்தகாலத்தில் சொன்னாலும், அடுத்த வாரம் தேர்தல் நடப்பதை நம்பி நிற்கிறது. பேதுருவைப் பற்றிய இயேசுவின் அறிவு இந்த இரண்டாவது வகை. பேதுரு மறுக்காமல் இருந்திருந்தால் இயேசுவின் வாக்குப் பொய்த்திருக்காது. அந்த வாக்கே சொல்லப்பட்டிருக்காது. சொன்ன ஒலி காற்றில் எழுந்துவிட்டதே, அதை எப்படித் திரும்பப் பெறுவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது: யாரும் எதையும் திரும்பப் பெறத் தேவையில்லை. எதை நம்பி எது நிற்கிறது என்பதுதான் கேள்வி. மறுதலிப்பை நம்பித்தான் முன்னறிவிப்பு நின்றது. முன்னறிவிப்பை நம்பி மறுதலிப்பு நிற்கவில்லை. இந்தப் பதில் ஒக்காமின் வாசகர்கள் எல்லாரையும் திருப்திப்படுத்தவில்லை என்பது உண்மை.

நற்செய்திகளே இந்தப் பக்கம் சாய்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. முன்னறிவித்த பிறகு இயேசு என்ன செய்கிறார்? மத்தேயுவிலும் மாற்கிலும், கெத்செமனேயில் தூங்கிப்போன பேதுருவை எழுப்பி, சோதனையில் விழாதபடி விழித்திருந்து மன்றாடச் சொல்கிறார். விழுவது விலக்க முடியாதது என்று அவர் கருதியிருந்தால் அந்த எச்சரிக்கைக்கு என்ன பொருள்? லூக்காவில், பேதுருவின் நம்பிக்கை தளராதபடி தாம் வேண்டியிருப்பதாகவும், மனம் திரும்பிய பின் சகோதரரை உறுதிப்படுத்துமாறும் சொல்கிறார். கடைசியில் பேதுரு வெளியே போய் அழுகிறார். ‘விதிப்படி நடந்தது’ என்று அவர் தன்னைத் தேற்றிக்கொள்ளவில்லை. வேறு வழியில்லாமல் செய்ததற்கு மனிதர்கள் வருந்துவது உண்டு. வெட்கப்பட்டு அழுவது அரிது.

1990-களில் அமெரிக்க சுவிசேஷ சபைகளில் வளர்ந்த ‘திறந்த இறைமை’க் கொள்கையினர் இதை ஏற்கமாட்டார்கள். மனிதரின் சுதந்திரமான தேர்வுகள் இன்னும் நடக்காதவை, ஆகவே அவற்றில் அறிவதற்கென்று எதுவும் இல்லை. கடவுள் அறியாதிருப்பது குறையல்ல என்கிறார்கள். கிளார்க் பினாக் போன்றோர் 1994-இல் வெளியிட்ட நூல் பெரும் சச்சரவைக் கிளப்பியது. நாற்பது நாளில் அழியும் என்று யோனா அறிவித்த நினிவே தப்பியதை அவர்கள் காட்டுகிறார்கள். நியாயமான சான்றுதான், ஆனால் அந்த அறிவிப்பு மனம் திரும்பச் சொல்லும் எச்சரிக்கை என்று படிக்க இடமிருக்கிறது. பேதுருவின் மூன்று மறுதலிப்புக்கும் சேவலுக்கும் அப்படி இடமில்லை. அவருடைய சுபாவத்தை நன்கு அறிந்த கடவுள் அதைக் கணித்துச் சொன்னார் என்று அவர்கள் பதில் சொல்வார்கள். இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இத்தனை முறை, இந்நேரத்துக்குள் என்று சுபாவத்தை வைத்துத் துல்லியமாகக் கணிக்க முடியுமென்றால், பேதுரு நிலவைப் போலத் தன் பாதையில் சுற்றியவர் ஆகிவிடுகிறார். சுதந்திரத்தைக் காப்பாற்றக் கிளம்பிய வாதம் அவரைப் பஞ்சாங்கத்துக்குள் கொண்டுபோய் அடைத்துவிடுகிறது. காரணமாக இல்லாத அறிவு அவரைக் கட்டவில்லை. கணிப்புக்கு ஆதாரமான சுபாவம் கட்டிவிடும்.

அப்படியானால் நெருடுவது எது? இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ். அந்த மனிதன் பிறக்காமலேயே இருந்திருந்தால் நலமாயிருக்கும் என்ற பொருளில் இயேசு சொன்னதாக மத்தேயு எழுதுகிறார். அறிந்தவர் அறிந்ததோடு நிற்கவில்லையே, படைத்தவரும் அவர்தானே? பார்வையாளர் காரணமாவதில்லை என்று போயத்தியுஸ் சொன்னது சரி. ஆனால் கிறிஸ்தவர்களின் கடவுள் வெறும் பார்வையாளர் அல்ல. இயேசு சபையின் லூயிஸ் தெ மோலினா 1588-இல் லிஸ்பனில் வெளியிட்ட நூலில், எந்தச் சூழ்நிலையில் யார் சுதந்திரமாக என்ன செய்வார் என்பதைப் படைக்கும் முன்பே கடவுள் அறிவார் என்றார். இதற்குக் கேகிலா ஊர்க் கதையை ஆதாரமாகக் காட்டுவது வழக்கம்: அங்கே தங்கினால் ஊரார் தன்னைத் துரத்திவந்த சவுல் மன்னனிடம் பிடித்துக் கொடுப்பார்கள் என்று தாவீதுக்குச் சொல்லப்பட்டது, தாவீது தங்கவில்லை, அது நடக்கவும் இல்லை. தொமினிக்கன் துறவி தோமிங்கோ பாஞேஸ் தரப்பு இதைக் கடுமையாக எதிர்த்தது. மனிதனின் சம்மதத்தையே கடவுளின் அருள்தான் இயக்குகிறது என்றது. காட்டிக்கொடுப்பார் என்று தெரிந்த சூழ்நிலையையே தேர்ந்து படைத்தவர் என்று மோலினாவிடமும், காட்டிக்கொடுக்கச் சம்மதிப்பதைத் தடுக்கும் அருளைத் தராதவர் என்று பாஞேஸிடமும் யூதாஸ் முறையிடலாம். சச்சரவு முற்றி, எட்டாம் கிளமெந்து 1597-இல் விசாரணைக்கு உத்தரவிட்டார். பத்து ஆண்டு கழித்து, 1607-இல், ஐந்தாம் பவுல் இரு தரப்பும் தத்தம் கொள்கையைக் கற்பிக்கலாம், ஒருவரையொருவர் கண்டிக்கக் கூடாது, தீர்ப்பு தக்க காலத்தில் வரும் என்று சொல்லி விசாரணைக் கூட்டத்தைக் கலைத்தார். அந்தத் தீர்ப்பு இன்னும் வரவில்லை.