வல்லவனுக்கும் வேண்டும் ஆயுதம்

“வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்” என்பார்கள். நல்ல பழமொழிதான். ஆனால் அது எங்கே அதிகம் பயன்படுகிறது என்று பார்த்தால், வல்லவனைப் பாராட்டும் இடத்தில் அன்று. அவனுக்குக் கொடுக்க வேண்டிய கூலியைக் குறைக்கும் இடத்தில்தான். குறிப்பாகப் புகைப்படக்காரரிடம். “கையிலே திறமை இருந்தால் போதாதா? இரண்டு இலட்ச ரூபாய்க்குக் காமிரா எதற்கு? எங்கள் வீட்டுப் பையன் கைப்பேசியிலேயே அருமையாக எடுக்கிறானே!” என்ற பேச்சை முகூர்த்த மாதங்களில் நான் கேட்காத வாரமில்லை.

நான் இக்கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவன். முகூர்த்த நாட்களில் எங்கள் ஊர் ஸ்டூடியோ அண்ணன் ஒருவருக்கு விளக்குப் பிடிக்கப் போகிறேன். படம் எடுப்பவன் அல்லன்; விளக்குப் பிடிப்பவன். கலைஞனின் கர்வமும் எனக்கில்லை. முதலாளியின் கணக்கும் எனக்கில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

தொழில்முறைக் கலைஞர் விலையுயர்ந்த கருவி வாங்குவது அழகான படம் எடுப்பதற்காக என்றே பலரும் எண்ணுகின்றனர். என் கருத்து வேறு. அழகான படத்தை எளிய காமிராவிலும் எடுக்கலாம்; கண்ணும் பொறுமையும் இருந்தால் போதும். பொழுதுபோக்குக்காகப் படம் எடுப்பவர் மாலை வெயிலுக்காக ஆற்றங்கரையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். இன்று சரியில்லையென்றால் நாளை வரலாம். கூலிக்குப் படம் எடுப்பவருக்கு அந்தச் சுதந்திரம் ஏது? நேரத்தைக் குறிப்பவர் சோதிடர். இடத்தைக் குறிப்பவர் பெண் வீட்டார். வெளிச்சத்தை முடிவு செய்பவர் மண்டபத்துக்காரர். மூன்றும் பிறர் கையில்; படம் மட்டும் இவர் பொறுப்பு. இந்த நிலையில், அந்தப் படம் கிடைக்காமல் போகாது என்ற உறுதியைத்தான் அவர் பணம் கொடுத்து வாங்குகிறார். அமைச்சருக்கு இலக்கணம் சொல்லப் புகுந்த வள்ளுவர் கருவியை முதலிலும் காலத்தை அடுத்தும் வைத்து எண்ணியிருப்பது, அமைச்சரைவிடப் புகைப்படக்காரருக்கே பொருந்துகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அதிகாலை நாலரை முதல் ஆறு வரை முகூர்த்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடைக்கு மேலே நாலைந்து மஞ்சள் விளக்குகள். ஓமப் புகை. ‘கெட்டிமேளம், கெட்டிமேளம்’ என்ற குரல் எழுந்ததும் சுற்றி நிற்கும் அத்தனை பேரும் கை உயர்த்தி அட்சதை தூவுகிறார்கள். பாதிப் பேர் கையில் கைப்பேசியும் சேர்ந்து உயர்கிறது. மணமகன் முதல் முடிச்சுப் போட நான்கைந்து வினாடி ஆகலாம். அதற்குள் மணப்பெண் ஒருமுறை கண்ணை மூடுவாள். பின்னால் நிற்கும் அவள் தாயின் முகம் ஒருமுறை மாறும். அவ்வளவுதான்.

இங்கே என் பாடம் எனக்குத் துணை வருகிறது. லென்சுக்குள் நுழையும் ஒளி, துளை விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. காமிராவோடு சேர்த்துக் கொடுக்கும் சாதாரண லென்சை முழுவதும் நீட்டினால் அதன் துளை பெரும்பாலும் எஃப் 5.6 அளவுதான். விலையுயர்ந்த லென்சில் அதே நிலையில் எஃப் 2.8 கிடைக்கும். எண் பாதியானால் ஒளி நான்கு மடங்கு. அதாவது முன்னதில் 1/30 வினாடி கேட்கும் படத்தைப் பின்னதில் 1/125 வினாடியில் எடுத்துவிடலாம். 1/30 வினாடியில் அசையும் விரல் மங்கிவிடும். 1/125இல் பெரும்பாலும் நின்றுவிடும். மஞ்சள் கயிறு மஞ்சள் கயிறாகத் தெரிவதும் வெறும் மஞ்சள் தீற்றலாகப் போவதும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

அந்த 2.8 சும்மா வருவதில்லை. 200 மி.மீ. லென்சுக்கு 5.6 என்றால் துளையின் விட்டம் ஏறக்குறைய 36 மி.மீ. போதும். 2.8 என்றால் 71 மி.மீ. வேண்டும். அவ்வளவு அகலமான கண்ணாடியைப் பிசகின்றிக் கடைய வேண்டும். நிறங்கள் பிரிந்து ஓரத்தில் ஊதாக் கோடு விழாதிருக்க, வெவ்வேறு வகைக் கண்ணாடிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்க வேண்டும். ஆகவேதான் எடை ஒரு கிலோவுக்கு மேல்; விலை இலட்சங்களில். அதைக் காலை நான்கு மணியிலிருந்து கடைசிப் பந்தி முடியும் வரை தோளில் சுமந்து பார்த்தவர் எவரும் அதைப் பகட்டு என்று சொல்லமாட்டார்.

கைப்பேசியை நான் குறைத்துப் பேசவில்லை. பகல் வெளிச்சத்தில் அது எடுக்கும் படத்தையும் பெரிய காமிராவின் படத்தையும் வேறுபடுத்துவது சில சமயம் எனக்கே கடினம். ஆனால் ஒளியை வாங்கும் சென்சாரின் பரப்பு பெரிய காமிராவில் 36க்கு 24 மி.மீ., அதாவது 864 சதுர மி.மீ. பெரும்பாலான கைப்பேசிகளில் அது 100 சதுர மி.மீட்டரைக்கூட எட்டுவதில்லை. அந்தக் குறையை ஈடுகட்ட, இருட்டில் அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்துக் கணக்குப் போட்டு ஒன்றாக்குகிறது. கோயில் கோபுரத்துக்கு அது போதும். கோபுரம் அசையாது.

“அந்தக் காலத்தில் ஒரு யாஷிகாவும் நாலு ரோல் பிலிமும் வைத்துக்கொண்டு கல்யாணம் முழுவதையும் எடுத்தார்களே!” என்று பெரியவர்கள் கேட்பார்கள். உண்மை. 120 அளவு ரோலில் சதுரப் படம் 12தான். உதகமண்டலத்தில் 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையின் ‘இந்து’ பிலிமை எண்ணி எண்ணிச் செலவழித்த தலைமுறை அது. அவர்கள் திறமைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்த ஆல்பங்களை மறுபடி எடுத்துப் பாருங்கள். மணமகன் தாலியைக் கையில் ஏந்தியபடி நேரே காமிராவைப் பார்த்துக்கொண்டிருப்பார். ‘இப்படிப் பாருங்க’ என்று போட்டோக்காரர் சொல்லியிருப்பார்; பிளாஷ் மின்னும் வரை புரோகிதர் உள்பட எல்லாரும் பொறுத்திருப்பார்கள். அன்று காமிராவுக்காகக் கல்யாணம் நின்றது. இன்று யாரும் நிற்பதில்லை. நிற்காமல், சிரித்தபடியும் அழுதபடியும் இருக்கும்போதே எடுக்க வேண்டும் என்று கேட்பவர்களும் நாம்தான். வேலையை மாற்றிவிட்டுக் கருவியை மட்டும் பழையதாக வைத்துக்கொள் என்பது என்ன நியாயம்?

இன்னொரு வாதமும் உண்டு. உலகப் புகழ்பெற்ற கலைஞர்கள் எளிய கருவிகளைக் கொண்டே சாதித்தார்களாம். பிரெஞ்சு நாட்டு ஆன்றி கார்த்தியே-பிரெஸோனை இதற்குச் சான்று காட்டுவார்கள். 1948இல் காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தைப் படமெடுத்தவர் அவர். வாழ்நாளின் பெரும்பகுதி ஒரே 50 மி.மீ. லென்ஸைக் கொண்டே எடுத்தார் என்பதும் சரி. ஆனால் அந்த லென்ஸ் பூட்டியிருந்தது லைக்காவில் அல்லவா? சிறியது, ஓசை குறைந்தது, அக்காலத்திலேயே விலை மிகுந்தது. நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் ஹோமாய் வியாரவாலா (1913–2012) சேலையுடுத்திக் கொண்டு கனத்த ‘ஸ்பீட் கிராஃபிக்’ காமிராவைச் சுமந்து திரிந்தார். பத்திரிகை வேலைக்கு அன்று அதுவே தக்க கருவி. எளிமை என்று நாம் இன்று எண்ணுவது, அவர்கள் காலத்தில் உயர்ந்த கருவியாகவே இருந்தது.

உறுதி என்றேன். அதன் மற்றொரு பக்கம் கண்ணுக்கே தெரியாது. நல்ல காமிராக்களில் நினைவு அட்டைக்கு இரண்டு இடம் இருக்கும். 2007இல் வந்த நிக்கான் டி3இலேயே இருந்தது. ஒரே படம் இரண்டு அட்டையிலும் பதிவாகும். ஒன்று கெட்டால் மற்றது காக்கும். பக்கத்து ஊரில் ஓர் இளைஞர், ஓர் அட்டை மட்டும் கொள்ளும் காமிராவில் ஒரு நிச்சயதார்த்தத்தை எடுத்தார். அட்டை கெட்டது, ஒரு படமும் தேறவில்லை. பெண் வீட்டார் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்தார். அந்த நாளைத் திருப்பிக் கேட்டிருந்தால் எங்கே போய்க் கொடுப்பார்? ஷட்டருக்கும் ஆயுள் உண்டு. எங்கள் அண்ணன் ஒரு கல்யாணத்தில் மூவாயிரம் படம் எடுக்கிறார். ஆண்டுக்கு நாற்பது கல்யாணம் என்றால் ஒரு இலட்சத்து இருபதாயிரம். எளிய காமிரா பலவற்றின் ஷட்டர் ஒரு இலட்சம் முறைக்கே சோதிக்கப்பட்டது. 2012இல் வந்த கேனான் 1டி எக்ஸின் ஷட்டர் நான்கு இலட்சம் முறைக்கு. மலிவு எது என்பதை வணிகவியல் நண்பர்கள் கணக்கிட்டுச் சொல்லட்டும்.

வீம்புக்கு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்; இல்லையென்று சொல்லவில்லை. படத்தைப் பார்க்காமல் காமிராவின் பெயரைக் கேட்டு வேலை கொடுக்கும் வாடிக்கையாளரும் இருக்கிறார்கள். கம்பெனிகளும் சும்மா இருப்பதில்லை. 1987இல் கேனான் தன் லென்ஸ் இணைப்பை மாற்றிப் பழைய லென்சுகளை ஓரங்கட்டியது. 2018இல் நிக்கான், கேனான் இரண்டுமே புது இணைப்பைக் கொண்டுவந்தன. இடையே ஒரு வளையம் போட்டுப் பழையதைப் பயன்படுத்தலாம் என்றாலும், எத்தனை பேர் வீட்டில் புதுக்கடன் ஏறியது! காமிரா மூன்றாண்டு காத்திருக்கலாம், லென்ஸ்தான் முதலில் என்பது என் எண்ணம். அண்ணனும் அப்படித்தான் செய்கிறார், தவணையில். ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை. தவணைக்கு ஆடியும் இல்லை, மார்கழியும் இல்லை. பேரம் பேசிப் பத்தாயிரத்தைக் குறைத்து வெற்றியோடு வெளியே போகிறவர்களுக்கு ஒன்று தெரிவதில்லை. குறைந்த பணத்துக்கு ஈடாக முதலில் நிற்பது இரண்டாவது காமிராவும் அதைப் பிடிக்கும் ஆளும்தான். அப்போது தாயின் முகம் மாறியதைப் படமெடுக்க ஆள் இருக்காது.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. இரவு பத்து மணிக்கு மேல் ஸ்டூடியோ கதவைத் தட்டி, “அம்மா தவறிட்டாங்க, ஒரு படம் வேணும்” என்று வருவார்கள். தனிப்படம் இருக்காது. மூன்றாண்டுக்கு முன் பேத்தி கல்யாணத்தில் பின்வரிசையில் நின்றிருப்பார் அந்த அம்மாள். நாற்பது பேர் நிற்கும் படத்தில் ஒரு முகத்துக்குக் கிடைக்கும் இடம் நகத்தளவு. யாரோ கைப்பேசியில் எடுத்ததானால், பெரிதாக்கியதும் களிமண்ணைப் பிசைந்ததுபோல் இருக்கும். அண்ணன் எடுத்ததில் கண் தெரியும், மூக்குத்தியின் கல் தெரியும். அதைப் பிரித்தெடுத்து, பின்னணியை நீக்கி, விடிவதற்குள் சட்டம் போட்டுக் கொடுத்துவிடுவார். அதற்கு அவர் சட்டத்தின் விலையை மட்டும் வாங்குகிறார். அந்த விலைக்கு யாரும் பேரம் பேசி நான் பார்த்ததில்லை.