ரோபோ அணிகளின் மாநாடு: பகிர்வது யார், பகிரப்படுவது யாருக்கு?

பள்ளி மாணவர்களின் ரோபோட்டிக்ஸ் அணிகள் ஒன்றுகூடி, தாம் கற்ற நுட்பங்களையும் போட்டிக்களத்து உத்திகளையும் பரிமாறிக்கொள்ளும் ஒருநாள் மாநாட்டிற்கு அண்மையில் சென்றுவந்தோம். சென்னைப் புறநகரிலுள்ள தனியார் பள்ளியொன்றின் குளிரூட்டப்பட்ட அரங்கில் அது நடந்தது. வழக்கறிஞர்களாகிய நாங்கள் இருவர். எங்களோடு, ஆதிதிராவிடர் நல விடுதியொன்றில் தங்கி அரசுப் பள்ளியில் படிக்கும் மாணவர்கள் ஆறு பேர். வாயிலில் இருந்தவர்கள் கனிவாகவே பேசினார்கள். எந்தப் பள்ளி, அணியின் எண் என்ன என்று கேட்டார்கள். எங்களுக்கு அணியும் இல்லை, எண்ணும் இல்லை. அப்படியானால் பார்வையாளர் வரிசையில் அமரலாம், பயிற்சி அமர்வுகளில் மட்டும் இடமில்லை என்றார்கள்.

யாரும் சாதியைக் கேட்கவில்லை. யாரும் விரட்டவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவும் அங்கு மீறப்படவில்லை. வழக்குத் தொடுக்க ஏதுமில்லாத இத்தகைய வாயில்களைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாக எழுதியிருக்கிறோம்.

அரங்கிற்குள் நடந்ததைக் குறைத்து மதிப்பிடுவது நம் நோக்கமன்று. பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர், தம் அணியின் ரோபோ மூன்று முறை தோற்ற கதையையும், ஒவ்வொரு தோல்விக்கும் காரணமாக இருந்த பற்சக்கரத்தையும் கம்பி இணைப்பையும் படம்போட்டு விளக்கினார். எதிரணிகளை எப்படிக் கவனித்துக் குறிப்பெடுப்பது, அந்தக் குறிப்புகளைக் கொண்டு களத்தில் எப்படி முடிவெடுப்பது என்பதற்குத் தனி அமர்வே நடந்தது. தேர்வு மதிப்பெண்ணை அடுத்தவர் பார்க்காதபடி கையால் மறைத்துக்கொண்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்த எங்களுக்கு, போட்டியாளர்கள் தம் வரைபடங்களை ஒருவருக்கொருவர் வழங்கிக்கொண்ட காட்சி வியப்பளித்தது.

இந்தப் பண்பாட்டின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989இல் நியூ ஹாம்ப்ஷயரில் தொடங்கிய 'ஃபர்ஸ்ட்' என்னும் அமைப்பு, 1992இல் 28 அணிகளோடு ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் முதல் போட்டியை நடத்தியது. எம்.ஐ.டி. பேராசிரியர் வுடி ஃபிளவர்ஸ் அதன் நெறியை வகுத்தவர்களுள் முதன்மையானவர்: கடுமையாகப் போட்டியிடு, எதிரியையும் மதி, அவனுக்கு உதவவும் தயங்காதே என்பது அந்நெறி. இது வெறும் நல்லெண்ணத்தால் நிலைத்துவிடவில்லை. போட்டியின் விதியே அப்படி அமைந்திருக்கிறது. தகுதிச் சுற்றுகளில் ஒரு பக்கத்திற்கு மூன்று அணிகள் கூட்டணியாக நிற்கும். யார் யாரோடு என்பது ஆட்டத்திற்கு ஆட்டம் மாறும். காலையில் எதிராக நின்ற அணி பிற்பகலில் உடன் நிற்கும். அதன் ரோபோ பழுதானால் நட்டம் உங்களுக்கும்தான். ஆகவே உதிரிபாகத்தைக் கடன் கொடுப்பதும் கற்றதைச் சொல்வதும் அறச்செயலாக இருப்பதோடு உத்தியாகவும் இருக்கிறது. டெக்சாஸில் நாசா மையத்தின் துணையோடு இயங்கும் 118ஆம் எண் அணி, எளிய கருவிகளை வைத்தே செய்யக்கூடிய 'எவ்ரிபாட்' என்னும் ரோபோவின் முழு வரைபடத்தைப் போட்டிப் பருவந்தோறும் பொதுவில் வெளியிடுகிறது. வசதியற்ற அணிகள் அதைப் பார்த்துச் செய்து களமிறங்குகின்றன.

விதியை மாற்றினால் மனிதர்களின் நடத்தை மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று சட்டம் படித்த எங்களுக்கும் எளிதில் கிடைப்பதில்லை.

ஆனால் கூட்டணிக்குள் வந்துசேர்வதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிற சில உண்டு. அந்தப் போட்டியில் ஓர் அணி ஒரு பருவத்திற்குச் செலுத்தும் பதிவுக் கட்டணமே பல ஆண்டுகள் 5,000 முதல் 6,000 டாலர் அளவில் இருந்தது. மோட்டார், உலோகம், பயணம் ஆகியவை தனி. இந்த இடத்தில், அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸ் நகரின் கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளியின் கதையைச் சற்று விரித்துச் சொல்வது தேவையாகிறது.

2004ஆம் ஆண்டு கோடையில், கலிபோர்னியாவின் சான்டா பார்பராவில், நீருக்கடியில் இயங்கும் ரோபோக்களுக்கான தேசியப் போட்டி நடந்தது. மெக்சிகோவில் பிறந்து, குடியுரிமை ஆவணமின்றி அமெரிக்காவில் வளர்ந்த நான்கு மாணவர்கள் அந்தப் பள்ளியின் சார்பில், கல்லூரி அணிகள் மோதும் உயர்பிரிவில் பங்கேற்றார்கள். அவர்களுடைய ரோபோ பி.வி.சி. குழாய்களால் ஆனது, செலவு சுமார் 800 டாலர். எதிரே நின்ற எம்.ஐ.டி. அணிக்கு எக்ஸான் மொபில் நிறுவனம் மட்டுமே 10,000 டாலர் அளித்திருந்தது. போட்டிக்கு முந்தைய வேளையில் ரோபோவின் மின்னணுப் பெட்டிக்குள் நீர் கசிந்தது. மாதவிடாய்க் காலத்தில் பெண்கள் பயன்படுத்தும் டாம்பான்களை வாங்கி உள்ளே வைத்து அந்த நீரை உறிஞ்சச் செய்தார்கள். முடிவில் எம்.ஐ.டி.யை இரண்டாமிடத்திற்குத் தள்ளி வென்றார்கள்.

இக்கதையைப் பின்னாளில் நூலும் திரைப்படமும் வீரகாவியமாக்கிவிட்டன. நமக்கு முக்கியமானவை வேறு இரண்டு செய்திகள். முதலாவது, அம்மாணவர்கள் தாமாகவே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடவில்லை. நீருக்கடியில் வெப்பநிலையை அளப்பது எப்படி என்று தெரியாதபோது, கருவி விற்கும் நிறுவனம் ஒன்றைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார்கள். மறுமுனையில் இருந்தவர் பொறுமையாக விளக்கியதோடு கருவிகளையும் இலவசமாக அனுப்பிவைத்தார். கேட்டால் சொல்வார்கள் என்ற நம்பிக்கையை அவர்களுக்கு ஊட்டியவர்கள் இரண்டு ஆசிரியர்கள். 'திறமை இருந்தால் சேரியிலிருந்தும் மேலே வரலாம்' என்று நமக்குப் போதிப்பவர்கள் இந்தத் தொலைபேசி அழைப்பைப் பற்றிப் பேசுவதேயில்லை.

இரண்டாவது, வென்ற பிறகு நடந்தது. 2006 நவம்பரில் அரிசோனா வாக்காளர்கள் 300ஆம் முன்மொழிவை நிறைவேற்றினார்கள். ஆவணமற்ற மாணவர்கள் உள்மாநிலக் கல்விக் கட்டணச் சலுகையையும் மாநில உதவித்தொகையையும் பெறுவதை அது தடுத்தது. எம்.ஐ.டி.யை வென்ற பிள்ளைகளுக்குத் தம் ஊர்ப் பல்கலைக்கழகமே எட்டாக்கனியானது. அந்தக் கட்டணத் தடை நீங்க 2022 வரை, 308ஆம் முன்மொழிவு வாக்கெடுப்பில் வெல்லும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. கோப்பை அவர்களிடம் இருந்தது. சட்டம் அவர்கள் பக்கம் இல்லை.

இந்தியாவில் நிலைமை தலைகீழானது. இங்கே சட்டம் பெரும்பாலும் நம் பக்கம்தான் இருக்கிறது. கருவி நம் கையில் இல்லை.

அடல் புத்தாக்க இயக்கம் 2016இல் தொடங்கிய 'அடல் டிங்கரிங் ஆய்வகம்' திட்டத்தை எடுத்துக்கொள்வோம். தெரிவாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம்: நிறுவ 10 லட்சம், ஐந்தாண்டுகள் நடத்த 10 லட்சம். நாடெங்கும் சுமார் 10,000 ஆய்வகங்கள் வந்துவிட்டன. 2025-26 நிதிநிலை அறிக்கை அடுத்த ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 ஆய்வகங்களை அமைப்பதாக அறிவித்தது. வரவேற்கிறோம். ஆயினும் தொடக்கத்தில் வகுக்கப்பட்ட தகுதி விதிகளைப் படித்துப் பாருங்கள்: சமவெளிப் பள்ளியானால் 1,500 சதுர அடி கட்டப்பட்ட இடம் காலியாக இருக்க வேண்டும். ஒரே அறையில் இரண்டு வகுப்புகள் முதுகோடு முதுகு ஒட்டி நடக்கும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளை நாங்கள் நேரில் கண்டிருக்கிறோம். அந்த விதியில் சாதி என்ற சொல் எங்கும் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. சதுர அடியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

ரோபோட்டிக்ஸ் என்பது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு, நாம் உதவித்தொகைக்கும் நிலத்துக்கும் போராடுவோம் என்று சொல்லும் தோழர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களோடு உடன்பட முடியவில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு மருத்துவத்தில் 2020இலும் பொறியியல் முதலியவற்றில் 2021இலும் சட்டமாக்கியது. அவ்வழியே பொறியியல் கல்லூரிக்குள் நுழையும் நம் பிள்ளை, ஆறாம் வகுப்பிலிருந்தே மோட்டாரைக் கழற்றி மாட்டிப் பழகிய வகுப்புத் தோழர்களுக்கு நடுவே உட்காருகிறார். முதல் பருவத்திலேயே தாம் மந்தம் என்று நம்பத் தொடங்குகிறார். இடம் கிடைத்துவிட்டது, பயிற்சி கிடைக்கவில்லை. இந்த இடைவெளியை 'தகுதி' என்று பெயரிட்டு நம்மீதே சுமத்துவார்கள். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்வோரையே அடுக்குகளாகப் பிரித்து வைத்திருக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் விளக்கிய உண்மை, இன்று கருவியைத் தொடும் வயதிலும் தொடாத வயதிலும் தெரிகிறது.

மாநாட்டிற்குத் திரும்புவோம். காட்சிப் பகுதியில் ஓர் அணி பாதாளச் சாக்கடை அடைப்பை நீக்கும் ரோபோவின் மாதிரியை வைத்திருந்தது. இத்தகைய போட்டிகளில் இது அடிக்கடி காணக்கிடைக்கும் தலைப்பு, நடுவர்களுக்கும் பிடிக்கும். அந்தப் பிள்ளைகள் உண்மையான அக்கறையோடுதான் செய்திருந்தார்கள். எங்களுடன் வந்த பதினைந்து வயது மாணவர் ஒருவரின் பெரியப்பா தூய்மைப் பணியாளர். அவர் நெடுநேரம் அந்த மாதிரியைப் பார்த்துவிட்டு, "மூடியோட வாய் எவ்வளவு அகலம்னு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அவர்கள் ஓர் அளவைச் சொன்னார்கள். "எங்க தெருவுல இது உள்ளேயே போகாதுண்ணா. அப்புறம், சேறு மட்டும் இருக்காது. துணி, கல்லு, பிளாஸ்டிக்கு எல்லாம் சுருண்டு கெடக்கும். இந்தக் கை அதைப் பிடிக்காது" என்றார்.

அந்த அணியில் எவரும் திறந்த சாக்கடைக் குழியை அருகில் நின்று பார்த்ததில்லை. அவர்கள் முகம் சுளிக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் மாணவரை உட்காரவைத்து, அரைமணி நேரம் கேட்டுக் குறிப்பெடுத்தார்கள். அன்று அந்த வளாகத்தில் நடந்த மிகச் சிறந்த பயிற்சி அமர்வு அதுதான் என்பது எங்கள் கருத்து. நிகழ்ச்சி நிரலில் அது இல்லை. நடத்தியவருக்கு அனுமதி அட்டையும் இல்லை.

2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம், சாக்கடைகளைச் சுத்தம் செய்ய உரிய தொழில்நுட்பக் கருவிகளைப் பயன்படுத்துவதை 33ஆம் பிரிவில் உள்ளாட்சிகளின் கடமையாக்கியிருக்கிறது. சாக்கடை மரணத்திற்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தி உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. கேரளத்து இளம் பொறியாளர்களின் 'பேண்டிகூட்' ரோபோ 2018 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. மலக்குழிகளுக்காக உருவாக்கிய 'ஹோமோசெப்' கருவியைக் களத்திற்குக் கொண்டுசென்றபோது சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் உடன் நின்றது. சட்டம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது, இயந்திரமும் இருக்கிறது. இதற்குப் பிறகும் மனிதர்கள் குழிக்குள் இறக்கப்படுவது தொழில்நுட்பப் பற்றாக்குறையால் அன்று. எனவே நம் பிள்ளைகள் ரோபோ செய்யக் கற்றுவிட்டால் சாக்கடை மரணம் நின்றுவிடும் என்று நாங்கள் சொல்லவரவில்லை. அந்தக் குழியை அறிந்தவர்களின் பிள்ளைகள் வடிவமைப்பு மேசையில் இல்லாததால் கருவிகள் பிழையாகின்றன என்பது மட்டுமே நம் வாதம்.

பணத்திற்கு எங்கே போவது என்ற கேள்வி வரும். மக்கள்தொகை விகிதப்படி திட்டநிதியை ஒதுக்கும் சிறப்புக்கூறுத் திட்டம் 1979-80இலேயே தொடங்கிவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு, பழங்குடியினர் 1.1 விழுக்காடு. இந்நிதியின் ஒதுக்கீட்டையும் பயன்பாட்டையும் முறைப்படுத்தும் சட்டத்தை நீண்ட போராட்டத்திற்குப் பின் 2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. நிதி இல்லை என்று சொல்லும் அதிகாரியிடம் இனி நாம் காட்ட வேண்டியது கோரிக்கை மனுவை அன்று, சட்டத்தை.

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பது பற்றிய விவாதத்தையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 2023 நிதிநிலை அறிக்கை அதை அறிவித்தது. நாங்குநேரி கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழுவும் 2024இல் அதையொட்டியே பரிந்துரைத்தது. நம் அமைப்புகளிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. நிலமும் நிதியும் கைநழுவும் என்னும் அச்சம் நியாயமானது. எந்தத் துறையின் பெயர்ப்பலகை தொங்கினாலும், அப்பள்ளிகளுக்கு ஆய்வகத்தையும் பயிற்றுநரையும் எந்த ஆண்டுக்குள் தருவீர்கள் என்ற கேள்வியை இரு தரப்பாரும் சேர்ந்து எழுப்ப முடியும்.

கல்லூரி மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் பொறியியல் படிப்போர், உங்கள் ஊர் விடுதிக்கு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய மோட்டாரும் ஸ்க்ரூடிரைவருமாகச் செல்லுங்கள். அடுத்த மாநாட்டை ஏன் விடுதி முற்றத்திலேயே நடத்தக் கூடாது? அந்தச் சாக்கடை ரோபோ அணியிடம் கேட்டோம், வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

திரும்பும் வழியில், பேருந்தில், உங்களுக்கு என்ன வேண்டும் என்று மாணவர்களைக் கேட்டோம். புதிய ஆய்வகம், கணினி என்று பட்டியல் வரும் என எதிர்பார்த்தோம். அவர்கள் பள்ளியில் ரோபோட்டிக்ஸ் பெட்டி ஒன்று ஏற்கெனவே இருக்கிறதாம். பிள்ளைகள் கெடுத்துவிடுவார்கள் என்று அஞ்சி அதை அலமாரியில் பூட்டிவைத்திருக்கிறார்களாம். ஆய்வு நாளில் மட்டும் வெளியே வருமாம். "அந்தச் சாவிய மட்டும் வாங்கிக் குடுங்கண்ணா" என்றார்கள். தலைமையாசிரியருக்கான கடிதத்தை அன்றிரவே எழுதி முடித்தோம்.