முதலிடம் இல்லாத ஓட்டம்

எந்த ஓட்டத்திலும் முதலில் வந்தவருக்கு மாலையும், இரண்டாவதாக வந்தவருக்குக் கைதட்டலும், கடைசியில் வந்தவருக்கு அனுதாபமும் கிடைப்பதே உலக வழக்கம். இந்த வழக்கத்துக்கு முற்றிலும் விரோதமாக, முந்தினவர் யார், பிந்தினவர் யார் என்று கணக்கே பாராமல், குறித்த நேரத்துக்குள் வந்து சேர்ந்த அத்தனை பேரையும் ஒரே தரமாகப் பாவிக்கிற சைக்கிள் ஓட்டம் ஒன்று நம் நாட்டிலும் வேரூன்றியிருக்கிறது. பிரெவே என்று அதற்குப் பெயர், பிரெஞ்சுக்காரர்களின் சரக்கு. 1904-இல் பாரிஸ் நகரில் தோன்றிய ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்னும் சங்கம் 1921-இல் தொடங்கிய இந்த ஓட்டத்துக்கு, இன்றைக்கும் அந்தச் சங்கத்தின் சட்டதிட்டங்களே உலகெங்கும் பிரமாணம். 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்திலும், 300-ஐ 20 மணி நேரத்திலும், 400-ஐ 27 மணி நேரத்திலும், 600-ஐ 40 மணி நேரத்திலும் முடித்துவிட வேண்டும். இருநூறு ஒன்றைத் தவிர மற்றவற்றில் இராத்திரியின் ஒரு பகுதியையேனும் சைக்கிளின் மேல் கழிக்காமல் தப்பப் பெரும்பாலோருக்கு வழியில்லை.

இதன் பூர்வோத்தரம் சுவாரசியமானது. 1891-இல் பாரிஸ் பத்திரிகை ஒன்று, தன் விற்பனை பெருகவேண்டும் என்ற உத்தேசமும் கலந்துதான், பாரிஸிலிருந்து மேற்குக் கடற்கரையிலுள்ள பிரெஸ்ட் நகர்வரை சென்று திரும்புகிற ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் பந்தயத்தை ஏற்பாடு செய்தது. அப்போதுதான் புதிதாக வந்திருந்த, கழற்றி மாட்டக்கூடிய மிஷலின் காற்று டயரைப் பூட்டிக்கொண்டு புறப்பட்ட ஷார்ல் தெரோன் என்பவர் மூன்று நாளுக்கும் குறைவான நேரத்தில் திரும்பிவந்து வெற்றிவாகை சூடினார். இப்படி அசல் பந்தயமாகப் பிறந்தது காலக்கிரமத்தில் பந்தய சுபாவத்தை உதிர்த்துவிட்டு, நான்கு ஆண்டுக்கு ஒரு முறை, 90 மணி நேர அவகாசத்தில், உலகத்தின் பல தேசத்தாரும் வந்து கலந்துகொள்கிற யாத்திரையாக மாறியது. 2019-இல் இந்தியாவிலிருந்து மட்டும் முந்நூறு பேருக்கு மேல் சென்றிருந்தார்கள்.

இராத்திரி முழுவதும் சைக்கிள் மிதிப்பது பிரெஞ்சுக்காரர்கள் சொல்லித்தான் நமக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. என் பால்யத்தில் மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில், அறுவடை முடிந்து கையில் நாலு காசு புழங்குகிற மாதங்களில், ஊர்ப் பொட்டலில் மூங்கில் நட்டு, குழல் விளக்குக் கட்டி, ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டுப் போட்டு, ஒரு மனிதர் சைக்கிள் சுற்றத் தொடங்குவார். ஐந்து நாளோ ஏழு நாளோ அவர் கால் தரையில் படாது. சாப்பாடு சைக்கிள் மேல். குளியல் சைக்கிள் மேல். நாவிதர் கூடவே நடந்து வந்து சவரம் செய்வதும் சைக்கிள் மேல். இரவு எட்டு மணிக்குக் கூட்டம் நெரியும், சோடா விற்கும், இளவட்டங்கள் நோட்டைச் சட்டையில் குத்திவிட்டுப் பேரை ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்வார்கள். ஆனால் நடுச்சாமத்துக்கு மேல், பாட்டும் நின்று, ஜனங்களும் வீடு திரும்பிய பிறகு, பார்க்க ஒருவரும் இல்லாத அந்தப் பொட்டலில் அவர் சுற்றிக்கொண்டேயிருப்பாரே, அந்தச் சங்கல்பம்தான் அசாத்தியமானது. வீட்டுத் திண்ணையில் படுத்தபடி, அந்தச் சைக்கிளின் பற்சக்கரம் கறகறவென்று அரைகிற சப்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போயிருக்கிறேன். அவருக்கும் போட்டியாளர் கிடையாது. காலத்தோடுதான் அவருக்கு வியாஜ்ஜியம்.

நானும் நண்பர்களும் கலந்துகொண்ட 300 கிலோமீட்டர் பிரெவே ஓட்டம் தை மாதத்துச் சாயங்காலம் ஒன்றில் ஆறு மணிக்கு, வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் பக்கமிருந்து புறப்பட்டது. மண்டபம்வரை போய், போன வழியே திரும்ப வேண்டும். நாங்கள் நால்வர்: வங்கியில் வேலை பார்ப்பவர் ஒருவர், பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர், எங்கள் எல்லோருக்கும் தம்பி முறையான இன்ஜினியரிங் இளைஞன் ஒருவன், நான். இந்த ஓட்டத்தில் உதவிக்கு ஒரு கார் கூடவே வரக் கூடாது. டியூப், காற்றடிக்கும் பம்பு, டயர் கழற்றும் நெம்பு, ஆகாரம் எல்லாம் அவரவர் முதுகிலோ பையிலோ இருக்க வேண்டும். கடையில் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடலாம். ஓட்டத்தில் கூட வருகிறவர் உதவலாம். மற்றபடி தன் கையே தனக்கு உதவி. புறப்படுமுன் நடத்துகிறவர்கள் வரிசையாக வந்து முன்விளக்கு எரிகிறதா, பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா, ஒளி பட்டால் மின்னுகிற மேலங்கி மாட்டியிருக்கிறதா என்று கையால் தொட்டுச் சோதித்தார்கள். விளக்கில் குறை இருந்தால் எப்பேர்ப்பட்ட சூரரானாலும் புறப்பட அனுமதியில்லை.

வேகத்துக்கும் இங்கே கடிவாளம் உண்டு. 150-ஆவது கிலோமீட்டரில் இருக்கிற மண்டபத்துக்குப் பத்து மணி நேரத்துக்குள், அதாவது விடிகாலை 4 மணிக்குள் சேர்ந்துவிட வேண்டும் என்பது ஒரு விதி. புறப்பட்டு நாலு மணி நேரம் இருபத்தைந்து நிமிஷம் ஆவதற்கு முன்னால், அதாவது இரவு 10.25-க்கு முன்னால் அங்கே போய் நின்றாலும் செல்லாது என்பது மற்றொரு விதி. அசுர வேகக்காரரையும் சோம்பேறியையும் ஒரே சட்டத்தால் கட்டிப்போட்ட அந்தப் பாரிஸ்காரர்களின் விவேகத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். எங்கள் நால்வருக்கும் முதல் விதிதான் கவலை. இரண்டாவதை மீறுகிற யோக்யதை எங்களில் எவருக்கும் இல்லை.

விரகனூர், சிலைமான், கீழடிப் பிரிவு, திருப்புவனம், திருப்பாச்சேத்தி என்று ஊர்கள் பின்னால் போயின. பகலில் இதே சாலையில் காரில் போனால் கண்ணில் படுவது பெயர்ப் பலகை. இருட்டில் சைக்கிளில் போனால் ஊரை மூக்குத்தான் முதலில் அறிகிறது. வைகைக் கரைத் தோப்புகளின் ஈரம், வாழைச் சருகு, மாட்டுத் தொழுவம், பரோட்டாக் கல் என்று ஒவ்வொன்றாக வந்து போகும். பரமக்குடிவரை நான்குவழிச் சாலை. தோள் அகலமாக இருப்பதால் லாரிகளுக்கு ஒதுங்கிப் போகலாம். வாடைக் காற்று எதிரே வந்தது. எதிர்க்காற்றில் நால்வரும் பக்கம் பக்கமாகப் போவது அறியாமை. ஒருவர் பின் ஒருவராக, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழமோ இரு முழமோ விட்டுத் தொடர்ந்தால், முன்னே போகிறவர் காற்றைப் பிளந்து கொடுக்கப் பின்னால் வருகிறவர்களுக்குப் பிரயாசை கணிசமாகக் குறையும். முன்னே போகிறவர் களைத்ததும் வலப்புறம் பார்த்து ஒதுங்கிக் கடைசிக்கு வருவார். அடுத்தவர் முன்னே போவார். பேச்சு வார்த்தை அதிகம் வேண்டாத ஒத்துழைப்பு இது. இருபது வருஷச் சிநேகிதத்தில் நாங்கள் அரசியலில் ஒரு விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை. அந்த இரவில் அந்த முழ அளவைப் பற்றி ஒரு தகராறும் வரவில்லை.

சத்திரக்குடியை நெருங்கும்போது ஆசிரியரின் பின் சக்கரம் அமுங்கிப்போயிற்று. இராமநாதபுரம் சீமையில் சைக்கிளில் போகிறவன் சீமைக்கருவேலத்துக்குக் கப்பம் கட்டாமல் திரும்ப முடியாது. அந்த முள்ளில் மோசமான குணம் ஒன்று உண்டு: டயரைத் துளைத்து டியூபைக் குத்திவிட்டு, நுனி மட்டும் ஒடிந்து டயருக்குள்ளேயே தங்கிவிடும். டியூபை மாற்றிவிட்டோம் என்று சந்தோஷமாகப் புறப்பட்டால், அரை மைலில் புது டியூபும் போய்விடும். ஆகையால் இளைஞன் முதலில் டயரைக் கழற்றி, தலையில் கட்டியிருந்த விளக்கு வெளிச்சத்தில், அதன் உட்புறத்தை ஆள்காட்டி விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனான். ஒரு சுற்று முடிந்தது, ஒன்றும் அகப்படவில்லை. எதிர்த் திசையில் மறுபடி தடவினான். “இருக்குண்ணே” என்று சொல்லி விரலை எடுத்தபோது நகக் கண்ணில் துளி ரத்தம் இருந்தது. எள்ளளவு முள் நுனி. அதை நகவெட்டியால் பிடுங்கி எடுத்து, எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் எறிந்தான். புது டியூபைப் பொருத்தி, சிறு பம்பினால் முந்நூறு முறையாவது அடித்து, டயர் கல் மாதிரி ஆனதும் புறப்பட்டோம். இதற்குள் எங்களுக்குப் பின்னால் வந்த இரண்டு கோஷ்டிகள் நின்று, “டியூப் வேணுமா சார்?” என்று விசாரித்துவிட்டுப் போயிருந்தன. பந்தயமாக இருந்தால் யார் நிற்பார்கள்?

இராமநாதபுரத்தைத் தாண்டியபோது மணி ஒன்றரை. நடுநிசிக்கு மேல் மூன்று நான்கு மணிவரை தேகத்தின் உஷ்ணமும் குறைந்து, புத்தியும் மழுங்குகிற வேளை. கண் திறந்திருக்கும்போதே சொப்பனம் காண்கிற அபாயம் அப்போதுதான். வங்கி நண்பர் சாலையோர மைல்கல்லை உட்கார்ந்திருக்கிற நாய் என்று எண்ணி ‘சூ’ என்று விரட்டியது எங்களுக்கெல்லாம் எச்சரிக்கையாயிற்று. உச்சிப்புளியில் விழித்திருந்த டீக்கடையில் ஆளுக்கு இரண்டு டீ குடித்தோம். உபாயம் பெரிதாக ஒன்றுமில்லை: பேச வேண்டும், பாடத் தெரியாதவனும் பாட வேண்டும், முடியாவிட்டால் கால்மணி நேரம் கடைப் பலகையில் படுத்து எழ வேண்டும்.

மண்டபத்தை அடைந்ததற்கு அத்தாட்சி வேண்டும். அகாலத்தில் முத்திரை குத்த யாரும் இல்லாத இடங்களில், ஏ.டி.எம்.மில் நூறு ரூபாய் எடுத்து, அதில் வருகிற சீட்டைப் பத்திரப்படுத்துவது இந்த ஓட்டக்காரர்களின் வழக்கம். ஊர், தேதி, நேரம் மூன்றும் அதில் அச்சாகிவிடுகிறதே. வியர்வை பட்டால் அந்த எழுத்து மாயமாகிவிடும் என்பதால் பிளாஸ்டிக் உறையில் போட வேண்டும். எங்கள் சீட்டிலிருந்த நேரம் நாலு மணிக்கு முந்தியதுதான். அங்கிருந்து பாம்பன் பாலத்தைக் கடந்தால் இராமேஸ்வரம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான். ஆனால் எங்கள் பாதை அங்கே முடிகிறது, சைக்கிளைத் திருப்பினோம்.

திரும்புகாலில் காற்று முதுகுக்கு வந்தது. உச்சிப்புளிக்குச் சற்று முன்பாக, ஐந்து மணி சுமாருக்கு, என் விளக்கின் எல்லைக்குள் திடீரென்று ஒரு சக்கரம் தோன்றியது. பிரேக் பிடித்திராவிட்டால் மோதியிருப்பேன். விளக்கும் இல்லை, பின்னால் மின்னுகிற வில்லையும் இல்லை. முன்னால் கூடை வைத்த, பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற சைக்கிள். பேத்தியுடையதாக இருக்கலாம். ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு அறுபத்தைந்து வயதுக்குக் குறையாது. தலையில் துண்டு, கைப்பிடியில் இரண்டு பக்கமும் பால் கேன். எங்கள் ஆரவாரமான வெளிச்சத்தைப் பார்த்து அவரும் ஒதுங்கினார்.

“எங்கிட்டிருந்து வர்றீக?”

“மதுரையிலிருந்து வர்றோம்யா. மண்டபம் போயிட்டுத் திரும்புறோம்.”

“ராமேஸ்வரம் போகலையா?”

“இல்லைங்கய்யா, மண்டபம் வரைக்குந்தான்.”

அவர் சிறிது தூரம் எங்களோடு மிதித்தபடியே யோசித்தார். “இம்புட்டுத் தொலவட்டு வந்து, கடலாடாம, சாமி கும்பிடாம திரும்புறீக. சரி, பரிசு எதுவும் உண்டா?”

பரிசு இல்லை என்று சொன்னதற்கு அவர் சிரிக்கவில்லை. எங்கள் மேலங்கியைத்தான் கூர்ந்து பார்த்தார். “இது நல்லாருக்கு. எங்க விக்குது?” என்று கேட்டார். ஆசிரியர் தம்முடையதைக் கழற்றிக் கொடுக்க முனைந்தார். விடியும்வரை அது இல்லாமல் ஓட்டினால் தகுதி போய்விடும் என்று இளைஞன் தடுத்தான். கடைசியில் உபரியாக வைத்திருந்த சிறு சிவப்பு விளக்கை அவர் சைக்கிளில் ரப்பர் வாரினால் கட்டிக்கொடுத்தோம். அவர் ஒரு சந்துக்குள் திரும்பினார்.

மீதிப் பயணத்தை விவரிக்க ஒன்றுமில்லை. பரமக்குடியில் இட்லி, மானாமதுரைக்கு மேல் வெயில், கடல்மட்டத்திலிருந்து மதுரை நூறு மீட்டர் உயரத்தில் இருப்பதால், கண்ணுக்குத் தெரியாத ஏற்றம். 2 மணிக்குள் சேர வேண்டிய இடத்துக்கு ஒன்றரைக்கு வந்து சேர்ந்தோம். பிரெவே அட்டையில் கையெழுத்து வாங்கினோம்.

அந்தப் பால்காரர் விஷயம் மட்டும் என் மனத்தை விட்டு அகலவில்லை. வேடிக்கைக்காக ஓட்டுகிற எங்களை நிறுத்தி வைத்து விளக்கைச் சோதிக்க ஆள் இருக்கிறது. வயிற்றுப்பாட்டுக்காகத் தினந்தோறும் அதே இருட்டில் அதே சாலையில் போகிறவரைச் சோதிக்க ஒருவருமில்லை. ஒரு காலத்தில் இருந்தார்கள். சைக்கிளுக்கு வரி கட்டி வில்லை வாங்க வேண்டியிருந்த அந்நாளில், விளக்கில்லாமல் வந்தால் போலீஸ்காரர் டயர்க் காற்றைப் பிடுங்கிவிடுவார். மண்ணெண்ணெய் விளக்கோ டைனமோவோ இல்லாமல் பொழுது சாய்ந்தபின் வெளியே கிளம்ப ஜனங்கள் பயப்படுவார்கள். அந்தக் கெடுபிடி திரும்பவேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஏழையிடம் அபராதம் வசூலிப்பதில் எனக்கு உற்சாகமில்லை. வாசகர்களிடம்தான் கேட்கிறேன். உங்களுக்குப் பால் ஊற்றுகிறவர், பேப்பர் போடுகிறவர், பூக் கொண்டுவருகிறவர், தோட்டத்து வேலைக்கு வருகிறவர் விடியுமுன் சைக்கிளில் வருகிறாரா என்று விசாரியுங்கள். இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கிற சிவப்பு விளக்கொன்றை வாங்கி, உங்கள் கையாலேயே அவர் சைக்கிளின் பின்புறம் பூட்டிக் கொடுங்கள். இரவில் கார் ஓட்டுகிறவரானால், எதிரே லாரி வந்தால் விளக்கைத் தாழ்த்துவதைப்போல, சைக்கிள் வந்தாலும் தாழ்த்துங்கள்.