திறந்த கண்

வடசென்னையின் வியாசர்பாடிப் பகுதியில் உள்ளது எம்.கே.பி. நகர். அப்பகுதிச் சிறுவர்க்குக் கால்பந்தாட்டத்தில் உள்ள பற்று ஊரறிந்தது. அவர்கள் பந்தை உதைக்கும் காலைக் கண்டு, அதன் தொலைவையும் அளந்து கூறும் பொறி ஒன்று உண்டெனின் வியப்பன்றோ? அத்தகைய பொறியே கினெக்ட். கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளிப்புள்ளிகளை அது எதிரே வீசுகிறது. அவை இடம்பெயர்ந்து விழும் அளவைக்கொண்டு ஒவ்வோரிடத்தின் தொலைவையும் நொடிக்கு 30 முறை கணக்கிடுகிறது. வெயிலில் மட்டும் அதன் கண் கூசும். நம் ஊர்த் திடலைவிட வகுப்பறையே அதற்கு ஏற்ற இடம்.

2010ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் மைக்ரோசாப்ட் நிறுவனம் இப்பொறியை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொணர்ந்தது. விளையாட்டுக்கென விற்ற பொறியைக் கணினியோடு இணைக்கும் வழியை அது கூறவில்லை. அடாஃபுரூட் என்னும் மின்னணு நிறுவனம், அதற்கான திறந்த நிரலை எழுதுவோர்க்குப் பரிசு அறிவித்தது. பரிசுத்தொகை 3,000 டாலராக உயர்ந்தது. ஐரோப்பாவில் பொறி விற்பனைக்கு வந்த நவம்பர் 10ஆம் நாளன்றே ஸ்பெயின் நாட்டு ஹெக்டர் மார்ட்டின் அப்பரிசை வென்றார். அவர் தம் நிரலை மறைத்து வைக்கவில்லை. அதிலிருந்து வளர்ந்ததே லிப்ஃப்ரீநெக்ட் என்னும் நிரல் நூலகம்.

பொறியின் நுட்பத்தை வகுத்த பிரைம்சென்ஸ் நிறுவனமும் வேறொரு வழி அமைத்தது. கை, தோள், முழங்கால் ஆகியவற்றைத் தானே இனங்காணும் ஆற்றல் அதற்கு இருந்தது. ஆனால் அப்பகுதியின் நிரல் மூடியே இருந்தது. 2013இல் ஆப்பிள் நிறுவனம் பிரைம்சென்ஸை விலைக்கு வாங்கியது. மறு ஆண்டு அவ்வழிக்குரிய இணையத்தளம் மூடப்பட்டது. அதனை நம்பிக் கட்டியோர் நடுவழியில் நின்றனர். 2017இல் கினெக்ட் உற்பத்தியும் நின்றது. திறந்த நிரலோ நிற்கவில்லை.

ஆதலின் பள்ளிகள் திறந்த நூலகத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன். மூட்டுகளைத் தானே காட்டும் கருவியை விட்டுக் குறைந்ததைக் கொள்வானேன் என்று கேட்பார் உளர். குறை உண்மையே. எனினும் அக்குறைதான் மாணவனைச் சிந்திக்க வைக்கிறது. தொலைவுப் படத்தில் மிக அருகிலுள்ள புள்ளிகளைத் தேர்ந்து அவற்றின் சராசரியைக் கண்டால், நீட்டிய கை எங்குள்ளது என்பது விளங்கிவிடும். ஏழாம் வகுப்புக் கணக்கே இதற்குப் போதும்!

2001இல் கேசி ரியாசும் பென் ஃபிரையும் தொடங்கிய பிராசசிங் என்னும் நிரலாக்கச் சூழல் விலையின்றிக் கிடைக்கிறது. அதற்கென டேனியல் ஷிஃப்மன் அமைத்த ஓப்பன் கினெக்ட் நூலகத்தை அதன் பட்டியலிலிருந்தே சேர்த்துக்கொள்ளலாம். விண்டோஸ் கணினியாயின் இயக்கி நிரலை மாற்ற வேண்டியிருக்கும். இங்கேதான் பலர் பொறுமை இழப்பர். அனைத்தும் செய்தும் திரை இருண்டிருந்தால், நிரலைக் குறை கூறுமுன் கம்பியைப் பாருங்கள். யூ.எஸ்.பி. தரும் மின்சாரம் முதற்கினெக்டுக்குப் போதாது. அதற்குத் தனி மின்னிணைப்பு வேண்டும்.