கையொப்பம் சம்மதம் ஆகுமா?

சத்திரசிகிச்சைக்கு முன்னர் நோயாளியிடம் ஒரு படிவம் நீட்டப்படுகிறது. ஒப்பமிடவேண்டிய இடம் விரலாற் சுட்டப்படுகிறது. அவரும் ஒப்பமிடுகிறார். தமக்குச் செய்யப்போவது என்ன, அதனால் நேரக்கூடிய கேடு யாது, வேறு வழி உண்டா என்பவற்றை அறியாமலே தம் உடலைப் பிறர் கையில் ஒப்புவிக்கிறார். ஏட்டிலோ, "நோயாளி சம்மதித்தார்" என்று பதிவாகிறது.

காணி உறுதியை வாசித்தறிய இயலாதவர் ஒப்பமிடும்பொழுது, நொத்தாரிசு அதனை வாசித்து விளக்கவேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். நான்கு பரப்புக் காணிக்கு உள்ள காப்பு, நான்கு பிள்ளைகளைப் பெற்ற தாயின் உடலுக்கு வேண்டாமா?

இக்கேள்விக்குப் பிரித்தானிய உயர் நீதிமன்றம் 2015ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் விடையளித்தது. மொன்கொமரி வழக்கு என்பது அதன் பெயர். ஸ்கொட்லாந்தில் நீரிழிவு நோயுள்ள ஒரு தாய் 1999இல் பிள்ளை பெற்றார். அத்தகைய தாய்மாருள் நூற்றுக்கு ஒன்பது பத்துப் பேருக்குப் பிரசவத்தின்போது குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. தாய் தமது அச்சத்தை வெளியிட்டும் வைத்தியர் இதனைச் சொல்லவில்லை. சொன்னால் தாய்மார் வயிற்றை அறுத்துப் பிள்ளையை எடுக்கும்படி கேட்பர் என்றும், அது அவர்களுக்கு நன்மையன்று என்றும் அவர் கருதினார். குழந்தையின் தோள் சிக்கியது. மூச்சுக்காற்றின்றிக் குழந்தை நிரந்தர ஊனமுற்றது.

கீழ்நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளின. வைத்தியர் எதனைச் சொல்லவேண்டும் என்பதை வைத்திய உலகமே தீர்மானிக்கும் என்ற பழைய கொள்கையே அங்கு நின்றது. உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசரும் ஒருமுகமாக அதனைக் களைந்தனர். அந்த நோயாளியின் நிலையிலுள்ள ஒருவர் பொருட்படுத்தக்கூடிய அபாயத்தையும், ஏற்ற மாற்றுவழியையும் அவருக்கு அறிவிப்பது வைத்தியரின் கடமை என்றனர். விளங்காத கலைச்சொற்களைக் கொட்டுவதாலோ, வழக்கப்படி ஒப்பம் வாங்குவதாலோ அக்கடமை நிறைவேறாது என்றும் தெளிவுறுத்தினர். 52 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் நட்டஈடு விதிக்கப்பட்டது. அதனால் அக்குழந்தையின் ஊனம் நீங்கவில்லை.

இஃது ஆங்கிலேயர் சட்டம், நமக்கென்ன என்பாரும் உளர். நம் பொதுச் சட்டத்திற்கு மூலமாகிய உரோம-டச்சுச் சட்டம் வழங்கும் தென்னாபிரிக்காவில், 1994இலேயே இதனையொத்த தீர்ப்பு வழங்கப்பட்டதை அவர்கள் நோக்குவார்களாக.

நம் நாட்டில் இதனோடு மொழிப் பிரச்சினையும் சேர்கின்றது. விளங்காத மொழியிற் சொல்லப்பட்டது சொல்லப்படாததற்குச் சமம். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அரச உத்தியோகத்தருடன் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை 1988இல் 16ஆம் திருத்தம் எந்தப் பகுதியில் வாழ்வோருக்கும் வழங்கியது. அரசாங்க வைத்தியரும் அரச உத்தியோகத்தரே. தென்னிலங்கை வைத்தியசாலையிற் படுத்திருக்கும் தோட்டத் தொழிலாளிக்கு இவ்வுரிமை உண்டு. யாழ்ப்பாணத்திற் படுத்திருக்கும் சிங்கள நோயாளிக்கும் அவர் மொழியில் இதே உரிமை உண்டு. விடுதி கூட்டும் தொழிலாளியை அழைத்து இரண்டு வார்த்தை மொழிபெயர்க்கச் செய்வது இவ்வுரிமையை நிறைவேற்றுவதாகாது.

வைத்தியருக்கு நேரமில்லை என்பர். வாசலில் நீளும் வரிசையை நாமும் அறிவோம். இரவு பகலாக உழைக்கும் வைத்தியரையும் தாதியரையும் நாம் குறைகூறவில்லை. ஆயின், நேரமின்மைக்குப் பரிகாரம் ஆட்களைக் கூட்டுவதேயன்றி நோயாளியின் வாயை அடைப்பதன்று. உண்மையைச் சொன்னால் நோயாளி அஞ்சுவார் என்பர். அறியாமையும் அச்சந்தருவதே. எல்லாவற்றையும் அறிய விரும்பாதவர் அவ்வாறு சொல்லட்டும். அதுவும் அவருடைய முடிவே. நினைவிழந்து உயிருக்குப் போராடுபவரிடம் ஒப்பம் கேட்டுக் காத்திருக்கும்படி எச்சட்டமும் சொல்லவில்லை.

நம்மவர் குற்றமும் ஒன்றுண்டு. வைத்தியர் மகனை வெளியே அழைத்துப் பேசுகிறார், கணவன் தலையசைக்கிறான், கட்டிலிற் கிடப்பவள் ஒன்றும் அறியாள். பாசம் பெரிதுதான். ஆயினும், அறிவு தெளிந்திருக்கும் ஒருவரின் உடலைப் பற்றி அவருக்குத் தெரியாமல் முடிவுசெய்ய எந்த உறவுக்கும் உரிமையில்லை. உறவினர் துணைநிற்கட்டும், முடிவு நோயாளியுடையதாகட்டும்.

நாம் கேட்பவை அரியனவல்ல. சம்மதப் படிவம் ஒவ்வொன்றும் நோயாளியின் மொழியில், எளிய நடையில் இருத்தல் வேண்டும். பெரிய வைத்தியசாலைகளிற் பயிற்சிபெற்ற மொழிபெயர்ப்பாளர் இருத்தல் வேண்டும். ஒப்பம் பெறுமுன் அபாயமும் மாற்றுவழியும் விளக்கப்பட்டனவா என்பது குறிக்கப்படல் வேண்டும். வைத்தியக் கல்லூரிகளில் நோயாளியின் சொற்கேட்கும் பயிற்சி அளிக்கப்படல் வேண்டும். இவற்றைச் சட்டமாக்குவது பாராளுமன்றத்தின் பொறுப்பு. கேட்டுப் பெறுவது மக்களின் பொறுப்பு.

இலவச வைத்தியம் இந்நாடு தன் மக்களுக்கு அளித்த பெருங்கொடை. எனினும், இலவசமாகப் பெறுபவன் வினாவக் கூடாது என்ற எண்ணம் அக்கொடைக்கே மாசு. அது பிச்சையன்று, மக்கள் வரிப்பணத்தின் பயன். ஆகவே, கூசாமல் கேளுங்கள்: "எனக்கு என்ன செய்யப்போகிறீர்கள்? வேறு வழி உண்டா?" விடை விளங்கிய பின்னரே பேனாவைத் தொடுங்கள்.