கறிவேப்பிலைக்கு வந்த விருந்தாளி

உங்கள் வீட்டுக் கொல்லையிலோ மாடித் தொட்டியிலோ ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கிறதா? இருந்தால், நாளைக்கு ரசத்துக்குக் கிள்ளப் போகும்போது கொழுந்து இலைகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். குருவி எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் சட்டென்று சுண்டி எறிந்துவிடாதீர்கள். எச்சம் என்று நீங்களும் குருவியும் ஏமாற வேண்டும் என்பதுதான் அதன் எண்ணமே!

இந்த ஞானம் எனக்குப் பிறந்த இடம் மறைமலை நகர். போன கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை ராத்திரி அக்காவிடமிருந்து போன் வந்தது. "நாளைக்கே புறப்பட்டு வா. உன் பெண் சத்தியாக்கிரகம் பண்ணுகிறாள்" என்றாள். அக்காவின் மகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினால் அவள் பெண். தகராறு செய்தால் என் பெண்! விஷயம் இதுதான்: கறிவேப்பிலைச் செடியெல்லாம் புழு. அக்கா கடையிலிருந்து பூச்சி மருந்து வாங்கி வந்துவிட்டாள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் அந்தச் சிறிசு, செடிக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, மருந்து அடித்தால் சாப்பிடமாட்டேன் என்று சொல்லிவிட்டதாம்.

மறுநாள் காலை தாம்பரத்தில் செங்கற்பட்டு வண்டியைப் பிடித்தேன். வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று ஒவ்வொன்றாக நின்று, காட்டாங்கொளத்தூருக்கு அடுத்தது மறைமலை நகர். வேதாசலம் என்ற தம் பெயரையே தமிழாக்கி மறைமலை என்று வைத்துக்கொண்டு, பல்லாவரத்தில் வாழ்ந்து 1950-ல் மறைந்த அடிகளின் பெயர் தாங்கிய ஊர். ஆனால் ஊரைச் சுற்றிக் காதில் விழுவது தமிழ் அல்ல, லாரி ஹாரன். சிங்கப்பெருமாள் கோயிலில் திரும்பி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரையில் தொழிற்சாலைகள்தான். இங்கே பட்டாம்பூச்சி பார்க்கப் போனேன் என்றால் நம்புவீர்களா?

வாசலிலேயே அக்கா மருந்துப் புட்டியுடன் நின்றாள். நேரே செடியிடம் போனேன். எச்சம் போன்ற சின்னப் புழுக்கள் சில. வளர்ந்து பச்சைப் பசேல் என்று சுண்டுவிரல் நீளத்துக்கு இருந்தவை சில. மொத்தம் ஏழு. முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். இவை கம்பளிப்பூச்சி அல்ல. உடம்பில் சுணையும் இல்லை, பட்டால் அரிப்பும் இல்லை. "சித்தி, இங்கே பாருங்க" என்று குழந்தை ஒரு விளக்குமாற்றுக் குச்சியால் மெல்லத் தொட்டாள். அவ்வளவுதான், தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பு நீண்டது. கூடவே ஒரு காரமான வாடை! எறும்பையும் சிலந்தியையும் விரட்ட அதற்கு ஆண்டவன் கொடுத்த ஆயுதம் அது. அக்கா இரண்டடி பின்வாங்கினாள்.

கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் உறவு உண்டு. இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். அதனால் எலுமிச்சை இலையில் முட்டையிடும் பட்டாம்பூச்சிகளில் இரண்டு வகை நம் கொல்லைக்கும் வருகின்றன. ஒன்று, கறுப்பில் மஞ்சள் திட்டுகள் நிறைந்த எலுமிச்சைப் பட்டாம்பூச்சி. நம் ஊர்ப் பக்கத்துப் பிராணியான இது, 2004-ல் கடல் கடந்து டொமினிகன் குடியரசில் தலைகாட்டி, அங்கே எலுமிச்சைத் தோட்டக்காரர்களைக் கலங்க வைத்தது. இன்னொன்றைக் கறிவேப்பிலை அழகி என்கிறார்கள். இவளைப் பற்றி ஒரு கதையே இருக்கிறது, வருகிறேன்.

மத்தியானம் வரைக்கும் அக்காவிடம் வாய்தா வாங்கிக்கொண்டு, மூவரும் உலாவப் புறப்பட்டோம். வெயில் ஏறின பிறகு கிளம்புவதுதான் நல்லது. சிறகு சூடேறாமல் பட்டாம்பூச்சியால் பறக்க முடியாது. ஒன்பது மணியிலிருந்து பதினொரு மணி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதமும் முக்கியம். வடகிழக்கு மழையில் செடிகொடிகள் தளிர்த்து நிற்கும் ஐப்பசியிலிருந்து தை வரைதான் நம் செங்கற்பட்டுச் சீமையில் இவற்றுக்கு யோகம். இங்கிலாந்தில் கடலோரச் சுண்ணாம்புக் குன்றுகளில் நீலப் பட்டாம்பூச்சி தேடி ஜூலை, ஆகஸ்டில் குடும்பத்தோடு நடப்பார்களாம். நமக்குக் குன்று என்றால் முட்புதர் மூடிய பாறைக் கரடுதான். அது போதும்.

தெருக்கோடியில் வீடு எழும்பாத மனைகள், அப்பால் புதர்க்காடு. எருக்கஞ்செடியில் மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட புழுக்கள் பட்டப்பகலில் பயமின்றி மேய்ந்தன. எருக்கம்பாலின் நஞ்சு உடம்பில் இருக்கும்போது எந்தக் குருவிக்குப் பயம்? அது வளர்ந்து செம்மஞ்சள் நிற வெந்தய வரியன் ஆகும். சற்றுத் தள்ளி, காய்ந்து கிடந்த கிலுகிலுப்பைச் செடியில் இருபது முப்பது நீல வரியன்கள் தொங்கிக்கொண்டிருந்தன. கறுப்புச் சிறகில் இளநீலக் கோடுகள். அத்தனையும் ஆண்கள்! அந்தச் செடியின் சாற்றை உறிஞ்சித்தான் அவை பெண்ணைக் கவரும் வாசனையைத் தயாரித்துக்கொள்ள வேண்டும். "அத்தர் கடை" என்றாள் அக்கா. அன்றைக்கு அவள் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

இந்த நீல வரியன்களின் இனத்தார் பலே யாத்திரிகர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்கு மழை கொட்டத் தொடங்குமுன் கூட்டம் கூட்டமாகக் கிழக்கே சமவெளிக்கு வந்துவிடுகின்றன. ஐப்பசி வாக்கில் மீண்டும் மேற்கே திரும்புகின்றன. அந்த நாட்களில் ஒரே திசையில் நிமிஷத்துக்கு இத்தனை என்று எண்ணும்படி பறக்கும்.

பாறை இடுக்கில் ஆடுதீண்டாப்பாளை படர்ந்திருந்தது. பெயரே சொல்கிறது, ஆடுகூட வாய் வைக்காத கசப்பு. அதன்மேல் ஒரு பெரிய கறுப்புப் பட்டாம்பூச்சி, சிறகில் சிவப்புத் திட்டுகளுடன், கல்யாண வீட்டுச் சம்பந்தியம்மாள் மாதிரி நிதானமாக மிதந்தது. செவ்வுடல் அழகி. அந்த நஞ்சுக் கொடியைத் தின்று வளர்ந்ததால் அவளைப் பறவைகள் தொடுவதில்லை. "அதோ இன்னொன்று!" என்றாள் அக்கா. குழந்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இல்லேம்மா, இதுக்கு உடம்பு சிவப்பா இல்லே" என்றது.

சபாஷ்! அதுதான் சூட்சுமம். சிறகில் அதே கறுப்பு, அதே சிவப்பு. ஆனால் உடம்பு மட்டும் கறுப்பு. அவள்தான் நம் கறிவேப்பிலை அழகி. அவளிடம் நஞ்சு கிடையாது. நஞ்சுள்ளவளைப் போல உடுத்திக்கொண்டு உயிர் பிழைக்கிறாள். இந்த வேஷம் பெண்களுக்கு மட்டும்தான், அதிலும் எல்லாருக்கும் இல்லை. சில பெண்கள் ஆணைப் போலவே இருப்பார்கள்.

"அப்படியானால் இவள் கவரிங்" என்றாள் அக்கா. அதற்கு மேல் பொருத்தமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. அந்த மனைகளில் மஞ்சள் சாயம் பூசிய கற்கள் நட்டிருந்தார்கள். ஆடுதீண்டாப்பாளை போனால் செவ்வுடல் அழகிக்கு முட்டையிட இடமில்லை; அசல் போனால் கவரிங்குக்கு மதிப்பேது? குழந்தை அம்மாவைப் பார்த்தாள். "நாம் வீடு கட்டியதும் இப்படி ஒரு மனையில்தானேடி" என்றாள் அக்கா. அதற்கு நானும் பதில் சொல்லவில்லை.

திரும்பி வந்ததும் அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மருந்துப் புட்டியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தாள். அடித்த பிறகு எத்தனை நாள் இலை பறிக்கக் கூடாது என்ற இடம் வந்ததும் புட்டியைக் கீழே வைத்துவிட்டாள். அன்றாடம் குழம்பில் விழுகிற இலை அல்லவா? பிறகு பேரம் நடந்தது. கீழ்க்கிளை ஒன்று புழுக்களுக்கு, மற்றதெல்லாம் சமையலுக்கு. ஏழு பேரையும் இலையோடு கிள்ளிக் குடிமாற்றினோம்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் போன் மூலம் கிடைத்த செய்தி. இரண்டைத் தையல்சிட்டு கொண்டுபோயிற்று. மீதி ஐந்தும், மின்கம்பம் ஏறும் லைன்மேன் இடுப்பில் வார் கட்டிக்கொள்வதுபோல், பட்டு நூலால் இடுப்பைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழு ஆயின. ஒரு கூட்டிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதில் பொடிக் குளவிகள் வர, குழந்தை ஒருநாள் முழுக்க அழுதாளாம். மூன்று எலுமிச்சைப் பட்டாம்பூச்சிகள் வந்தன. மூன்றாவது வாரம், காலை ஏழு மணிக்கு அக்காவே கூப்பிட்டாள்.

"கவரிங்காரி வந்துவிட்டாளடி! சிறகை உலர்த்திக்கொண்டிருக்கிறாள். நான் இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லை!"

பின்னாலிருந்து அத்தான் குரல் கேட்டது: "அந்த மருந்துப் புட்டியைக் கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொள்வானா என்று கேள்!"